விடுமுறையில் வந்த வீரர்

‘அமெச்சூர்’ என்னும் சொல் தமிழ்நாட்டாருக்குப் புதியதன்று. நாடக மேடையின் வழியாக அது நெடுநாட்களுக்கு முன்பே நம்மிடையே வந்து சேர்ந்துவிட்டது. 1891-ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகலெல்லாம் தத்தம் அலுவலைப் பார்த்துவிட்டு, மாலையில் அரிதாரம் பூசிக்கொண்டார்கள். அவர்கள் அமெச்சூர்கள். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடித்துப் பிழைத்த கம்பெனி நடிகர்களோ வேறு வகையினர். மேடை ஒன்றுதான், வேடமும் ஒன்றுதான். ஆனால், ஒருவருக்கு அது ஆசை. மற்றவருக்கு அது அரிசி.

இதே வேற்றுமை இங்கிலாந்தின் கிரிக்கெட் ஆட்டத்தை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆண்டு வந்தது. அந்த ஆட்சியின் நிழலில் வாழ்ந்து, ஒரே ஒரு டெஸ்ட் பந்தயத்தில் மட்டும் ஆடி, அதில் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்துவிட்டு, மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பிய ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் சார்லஸ் ஸ்டோவல் மாரியட். நண்பர்களும் ரசிகர்களும் ‘ஃபாதர்’ மாரியட் என்றே அவரை அழைத்தார்கள். அவர் பாதிரியார் அல்லர். அது அவருக்கு வாய்த்த செல்லப் பெயர்.

முதலில், அக்காலத்து இங்கிலாந்தின் ஏற்பாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அங்கே கிரிக்கெட் ஆடியவர்கள் இரு சாதியாராகப் பிரிந்திருந்தார்கள். ஊதியம் பெறாமல் ஆடியவர்கள் ‘ஜென்டில்மென்’. ஊதியம் பெற்று ஆடியவர்கள் ‘பிளேயர்ஸ்’. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் பந்தயம் 1806-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஒரே அணியில் சேர்ந்து ஆடும்போதும் பல மைதானங்களில் இவர்கள் உடை மாற்றும் அறை வேறு. களத்துக்குள் நுழையும் வாயில் வேறு. அச்சிட்ட ஆட்ட அட்டையிலே அமெச்சூரின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னே நிற்கும். தொழில்முறை ஆட்டக்காரரின் தலைப்பெழுத்துகள் பெயருக்குப் பின்னே தள்ளப்படும். 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற இளைஞரின் தலைப்பெழுத்துகள் தவறி முன்னே அச்சாகிவிட்டன. அதைத் திருத்திக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தார்கள். இன்று கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. அன்று அது வேடிக்கையன்று.

அணியின் தலைமையும் பெரும்பாலும் அமெச்சூர்களுக்கே உரியதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அணிக்கு ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் முறைப்படி தலைவராக நியமிக்கப்பட்டது 1952-இல்தான். அவர் லென் ஹட்டன். ஊதியம் வாங்காதவன் பெருந்தன்மையோடு ஆடுவான், வாங்குபவன் கணக்குப் பார்த்து ஆடுவான் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டின் அடியில் இருந்தது. அந்த எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு டபிள்யூ. ஜி. கிரேஸ் ஒருவரே போதும். அமெச்சூர்களில் தலைசிறந்தவர் என்று கொண்டாடப்பட்ட அவருக்காக 1895-இல் பொதுமக்களிடம் திரட்டிய நிதி ஒன்பதாயிரம் பவுனைத் தாண்டியது!

ஆயினும், எல்லா அமெச்சூர்களும் கிரேஸ் அல்லர். சொத்துள்ள பிரபுக்களும் அல்லர். வேறொரு தொழில் செய்து வயிறு வளர்த்துக்கொண்டு, கிடைத்த ஓய்வில் ஆடியவர்களும் இருந்தார்கள். மாரியட் இந்த வகையைச் சேர்ந்தவர்.

1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் வட இங்கிலாந்தில், ஸ்டாக்போர்ட் நகரை அடுத்த பகுதியில் பிறந்தார். அயர்லாந்தில் பள்ளிப் படிப்பு. பத்தொன்பது வயது நிறையும் வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. அவருடைய தலைமுறையில் எத்தனையோ இளைஞர்களுக்குப் போலவே அவருக்கும் வாலிபத்தின் நடு ஆண்டுகள் ஆடுகளத்திற்கு இல்லாமற்போயின. போர் ஓய்ந்த பின் 1919-இல் லங்காஷயர் மாகாண அணிக்கு ஆடினார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியில் 1920, 1921 ஆகிய ஈராண்டுகளும் இடம் பெற்றார். அதன் பின், தென் லண்டனில் உள்ள டல்லிச் கல்லூரி என்னும் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1924 முதல் 1937 வரை கென்ட் மாகாண அணிக்கு ஆடினார். ஆனால், எப்போது ஆடினார் தெரியுமா? பள்ளிக்கு நீண்ட விடுமுறை விடுகின்ற ஆகஸ்டு மாதத்தையொட்டியே பெரும்பாலும் ஆடினார். இங்கிலாந்தில் கிரிக்கெட் பருவமோ ஏப்ரல் கடைசியில் தொடங்கிவிடும். மே, ஜூன், ஜூலை மாதங்களில் மற்றவர்கள் மைதானத்தில் இருக்க, இவர் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். மாலையில் பையன்களுக்குப் பந்து வீசிக்கொண்டிருப்பார்.

அவர் வீசியது ‘லெக் பிரேக்’ என்னும் சுழற்பந்து. கிரிக்கெட்டில் கற்பதற்கு மிகவும் கடினமான வித்தை இதுவே என்பர். வலக்கைக்காரர் ஒருவர் மணிக்கட்டை மடித்து, மூன்றாம் விரலின் உதவியால் பந்தைத் திருகி விடுகிறார். வலக்கை மட்டையாளரின் கால் பக்கமாக விழுகின்ற பந்து, தரையைத் தொட்டதும் அவரைவிட்டு விலகி மறுபக்கம் ஓடுகிறது. இது ஒரு பாதி. மறுபாதி ‘கூக்ளி’. பார்வைக்கு அதே கை, அதே வீச்சு; ஆனால் மணிக்கட்டு இன்னும் சற்றுத் திரும்பிவிடுகிறது. அதனால் பந்து நேர்மாறாக உள்நோக்கித் திரும்புகிறது. இதைக் கண்டுபிடித்தவர் போசன்கே என்னும் ஆக்ஸ்ஃபோர்டு அமெச்சூர். மேசைமேல் ஒரு பந்தை உருட்டி விளையாடும்போது தோன்றிய யோசனை, 1900-ஆம் ஆண்டில் முதல்தரப் பந்தயத்திற்கே வந்துவிட்டது.

இத்தகைய பந்து இருபுறமும் கூருள்ள கத்தி. அளவு ஒரு முழம் பிசகினால் மட்டையாளர் எல்லைக்கு அப்பால் அடித்துவிடுவார். ஆகவே, தோல்விக்கு அஞ்சாதவனே, அதாவது அடுத்த வேளைச் சோற்றுக்கு இதை நம்பாதவனே, இதில் துணிந்து இறங்க முடியும் என்று சிலர் வாதித்தார்கள். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கென்ட் அணியிலேயே அதற்கு மறுப்பு நின்றுகொண்டிருந்தது. அந்த மறுப்பின் பெயர் ‘டிச்’ ஃப்ரீமன்.

ஃப்ரீமன் குள்ளமான மனிதர், தொழில்முறை ஆட்டக்காரர். அவரும் லெக் பிரேக் வீசியவரே. 1928-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 304 விக்கெட்டுகள் எடுத்தார். அவருக்கு முன்னும் பின்னும் அதை எவரும் எட்டியதில்லை. தம் ஆட்டக் காலம் முழுவதிலும் 592 முதல்தரப் பந்தயங்களில் 3,776 விக்கெட்டுகள் கைப்பற்றினார். அதே கலையை மேற்கொண்ட மாரியட் இருபது ஆண்டுகளில் ஆடிய முதல்தரப் பந்தயங்கள் 159. எடுத்த விக்கெட்டுகள் 711. ஆண்டுக்கு எட்டுப் பந்தயங்கள்தான் ஆகின்றன. விக்கெட் ஒன்றுக்கு மாரியட் கொடுத்த ஓட்டங்கள் சராசரி இருபதுக்குச் சற்று மேல். ஃப்ரீமன் கொடுத்தவை பதினெட்டரைக்குச் சற்றுக் கீழ். ஆண்டில் பத்து மாதம் பாடம் நடத்தியவருக்கும், நாள்தோறும் பந்து வீசியே வாழ்ந்தவருக்கும் இடைவெளி இவ்வளவுதான் என்பது மாரியட்டின் திறமைக்குச் சான்று. அந்த இடைவெளி ஃப்ரீமன் பக்கமே சாய்கிறது என்பதும் உண்மை. வரலாறு எழுதுவோர் இரண்டையும் சொல்ல வேண்டும்.

மாரியட்டுக்கு மட்டை பிடிக்க வராது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. 711 விக்கெட்டுகள் எடுத்தவர் தம் வாழ்நாளில் அடித்த முதல்தர ஓட்டங்கள் 574. எடுத்த விக்கெட்டைவிட அடித்த ஓட்டம் குறைவு என்பது கிரிக்கெட் ஏட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும்.

இனி, அந்த ஒரே பந்தயத்திற்கு வருவோம். 1933-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவு அணி இங்கிலாந்தில் பயணம் செய்துகொண்டிருந்தது. லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்து வென்றது. மான்செஸ்டரில் நடந்த இரண்டாவது டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதில் ஜார்ஜ் ஹெட்லி ஆட்டமிழக்காமல் 169 ஓட்டங்கள் குவித்தார். மூன்றாவது டெஸ்ட் லண்டனில் ஓவல் மைதானத்தில், ஆகஸ்டு 12-ஆம் நாள், சனிக்கிழமையன்று தொடங்கிற்று. பள்ளிக்கூடத்திற்கு விடுமுறை! முப்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதமே இருக்க, மாரியட் இங்கிலாந்துக்காக முதன் முறையாகக் களம் இறங்கினார். அணித் தலைவர் பாப் வயாட். அவரும் ஓர் அமெச்சூரே. விக்கெட் காப்பாளர் லெஸ் ஏம்ஸ். அவர் கென்ட் அணியிலும் மாரியட்டின் பந்துக்கு விக்கெட்டின் பின்னே நின்று பழகியவர்.

இங்கிலாந்து 312 ஓட்டங்கள் எடுத்தது. அவற்றில் 107 ஓட்டங்கள் பேக்வெல் அடித்தவை. மாரியட்டின் பங்கு சுழி. பின்னர் மேற்கிந்தியர் ஆடவந்தனர். முதல் ஆட்டத்தில் 100 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். மாரியட் 37 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள் எடுத்தார். தொடர்ந்து ஆடப் பணிக்கப்பட்டு, இரண்டாம் ஆட்டத்தில் 195 ஓட்டங்கள் எடுத்தார்கள். இம்முறை மாரியட் 59 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். ஓர் ஆட்டமும் 17 ஓட்டங்களும் மிஞ்ச இங்கிலாந்து வென்றது. விழுந்த இருபது விக்கெட்டுகளில் பதினொன்று அந்த ஆசிரியருடையவை. கொடுத்த ஓட்டங்கள் மொத்தம் 96. ஒரே ஒரு டெஸ்டோடு நின்றுபோன பந்து வீச்சாளர்களில் இத்தனை விக்கெட் எடுத்தவர் வேறொருவர் இல்லை.

அதே 1933-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஃப்ரீமன் எடுத்த விக்கெட்டுகள் 298. அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. 1929-க்குப் பின் அவரை இங்கிலாந்து அணிக்கு அழைக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆடிய டெஸ்டுகளில் அவர் பந்து எடுபடவில்லை என்பது அவர்மீது சொல்லப்பட்ட குறை. குறையில் உண்மை உண்டு. ஆயினும், ஒரே மாகாணம், ஒரே கலை, ஒரே ஆண்டு; 298 விக்கெட் எடுத்தவர் வெளியே நின்றார், விடுமுறையில் வந்தவர் உள்ளே சென்றார் என்பதை நினைக்கும்போது மனம் சற்றுத் தயங்குகிறது. உள்ளே சென்றவர் பதினொரு விக்கெட் எடுத்துத் தம் தேர்வை நியாயப்படுத்தினார். வெளியே நின்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அத்துடன் மாரியட்டின் கதை வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வாண்டின் கடைசியில் ஜார்டின் தலைமையில் இந்தியாவுக்கு வந்த எம்.சி.சி. அணியில் அவரும் இருந்தார். இந்திய மண்ணில் முதன் முதலாக டெஸ்ட் பந்தயங்கள் நடந்தது அந்தப் பயணத்தில்தான். பம்பாயில் ஒன்று, கல்கத்தாவில் ஒன்று. மூன்றாவது 1934 பிப்ரவரி 10-ஆம் நாள் நம் சேப்பாக்கத்தில். சேப்பாக்கம் கண்ட முதல் டெஸ்ட் அது. நம்மவர் அமர் சிங் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். எதிர்ப்பக்கத்தில் யார்க்ஷயரின் ஹெட்லி வெரிட்டி இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 202 ஓட்டங்களில் வென்றது. பதினொன்று! ஆறு மாதங்களுக்கு முன் ஓவலில் மாரியட் எடுத்த அதே எண்ணிக்கை. ஆனால் மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட மாரியட்டுக்கு இடமில்லை. வெரிட்டியும் லாங்ரிட்ஜும் இடக்கையால் சுழற்றினார்கள். அதுவே போதும் என்று ஜார்டின் கருதினார் போலும். வெரிட்டியைப் போன்ற ஒருவர் இருக்கையில் அந்த முடிவைக் குறை சொல்வதும் எளிதன்று.

அடுத்த கோடையில் ஆஸ்திரேலியர் இங்கிலாந்துக்கு வந்தார்கள். ஐந்தாவது டெஸ்ட் மீண்டும் ஓவலில். மீண்டும் ஆகஸ்டு மாதம். பள்ளிக்கு மீண்டும் விடுமுறை. அங்கே பான்ஸ்ஃபோர்டும் பிராட்மனும் இரண்டாவது விக்கெட்டுக்கு 451 ஓட்டங்கள் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியா 701 ஓட்டங்கள் குவித்து, இறுதியில் 562 ஓட்டங்களில் வென்றது. அந்த இங்கிலாந்து அணியில் நாற்பத்தேழு வயதான ஃபிராங்க் உல்லியைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். லெக் பிரேக் வீசுகிற ஒருவரைச் சேர்க்கவில்லை. மாரியட்டுக்குப் பள்ளிக்கூடம் மட்டுமே தடையாக இருந்தது என்று சொல்வோர் இந்தப் பந்தயத்தை மறந்துவிடுகிறார்கள். வயது, மட்டை பிடிக்கத் தெரியாமை, ஆண்டில் சில வாரங்களே கண்ணில் படுகின்ற ஆட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவர் வாயிலை அடைத்தன. கண்ணெதிரே நாள்தோறும் நடமாடுகிறவனைத் தேர்வாளர் நினைவில் கொள்கிறார்கள். விருந்தாளியை விருந்து முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1933-இல் மேற்கிந்தியரின் பெரும் வீரராகிய லியரி கான்ஸ்டன்டைன் அந்தத் தொடரின் மூன்று டெஸ்டுகளில் ஒன்றில் மட்டுமே ஆடினார். அவர் லங்காஷயரில் நெல்சன் என்ற சிற்றூர் அணிக்கு ஊதியம் பெற்று ஆடுபவராக ஒப்பந்தமாகியிருந்தார். அவர்கள் இரண்டாவது டெஸ்டுக்கு மட்டும் விட்டார்கள், ஓவலுக்கு விடவில்லை. ஆக, மாரியட்டின் பதினொரு விக்கெட் விழுந்த அந்த மைதானத்தில், ஊதியம் வாங்காத ஒருவர் பள்ளி விடுமுறையின் தயவால் ஆடினார். ஊதியம் வாங்கிய ஒருவர் எசமானர்கள் விடாததால் ஆடவில்லை. அமெச்சூர் சுதந்திரமானவன், தொழில்முறையாளன் கட்டுப்பட்டவன் என்று அக்காலம் பேசிற்று. உண்மையில் இருவரும் கட்டுப்பட்டவர்களே. ஒருவனைப் பள்ளி மணி கட்டியது. மற்றவனை ஒப்பந்தக் காகிதம் கட்டியது.

நானும் முப்பதாண்டுகள் ஓர் ஆலை நகரத்தில் வரலாறு கற்பித்தவன். மாலை வேளைகளில் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றதும் உண்டு. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே லெக் பிரேக் வந்தது. பந்து அவன் கையைவிட்டுப் புறப்படும்போது ரீங்காரம் கேட்கும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் தந்தையார் அவனை ஆலையில் சேர்க்க அழைத்துப் போனார். நான் தடுத்துப் பேசினேன். அவர் கோபிக்கவில்லை. “வாத்தியாரய்யா, பந்து வீசினால் அடுப்பு எரியுமா, நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மாரியட்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியே காதில் விழுகிறது. மாரியட்டுக்கு ஆகஸ்டு மாதமாவது இருந்தது. சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஒன்று இருந்ததனாலேயே உலகம் அவருடைய கையைக் கண்டது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு ஆசை என்பது பொருள். ஆனால் ஆசைக்கும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

மாரியட் இதைப் பற்றிக் குமுறியதாகக் கதை இல்லை. அவர் தம் வித்தையைப் பையன்களுக்குக் கொடுத்தார். டல்லிச்சில் அவரிடம் பயின்ற ட்ரெவர் பெய்லி, பின்னாளில் இங்கிலாந்துக்காக 61 டெஸ்டுகள் ஆடினார். அந்த மாணவர் வாழ்க்கையிலும் காலத்தின் மாற்றத்தைப் பார்க்கலாம். பெய்லி ஏட்டில் அமெச்சூர். ஆனால் எஸக்ஸ் மாகாணச் சங்கத்தில் செயலாளர் பதவி பெற்று அதன் சம்பளத்தில் வாழ்ந்தார். ஆசிரியர் காலத்தில் உண்மையாக இருந்த வேற்றுமை, மாணவர் காலத்தில் வெறும் பெயராகிவிட்டது. 1962 நவம்பரில் அந்தப் பெயரையும் நீக்கிவிட்டார்கள். அதன் பின் இங்கிலாந்தில் ஆடுபவர் எல்லாரும் ‘கிரிக்கெட் ஆட்டக்காரர்’ என்ற ஒரே பெயருக்கு உரியவரானார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்ததே ஜென்டில்மென், பிளேயர்ஸ் பந்தயத்தின் கடைசி.

1966-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் மாரியட் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், லெக் பிரேக் வீச்சைப் பற்றி அவர் எழுதியிருந்த நூல் வெளிவந்தது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர், தம் கலையின் இலக்கணத்தை முழுமையாக எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆசிரியர் அல்லவா!

1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி என்ற இளைஞர், தம் முதல் டெஸ்டில், அதே மேற்கிந்தியத் தீவு அணியை எதிர்த்து, அதே லெக் பிரேக் வீசி, 136 ஓட்டங்களுக்குப் பதினாறு விக்கெட்டுகள் எடுத்தார். மாரியட்டுக்கு ஒரு டெஸ்ட், ஹிர்வானிக்குப் பதினேழு. ஊதியம் வந்தது, ஏற்பாடு மாறிற்று, வாயில் அகன்றது. ஆயினும் இந்த வித்தை கைவந்தவர்களுக்கு வாழ்வு நீண்டிருக்கும் என்ற உறுதி இன்றும் இல்லை.

திறமையை நாம் எண்ணிக்கையால் அளக்கப் பழகியிருக்கிறோம். எத்தனை டெஸ்ட், எத்தனை ஆண்டு என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு மாரியட்டிடம் ஒன்று என்பதே பதில். ஆனால், அந்த ஒன்றுக்குப் பின்னே எத்தனை மாலை வேளைகள், எத்தனை மாணவர்கள், ஆகஸ்டை எதிர்நோக்கிய எத்தனை மாதங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே அவர் கணக்கை எழுத வேண்டும். என் மாணவனுக்கோ அந்த ஒன்றும் வாய்க்கவில்லை. அவனைப் போன்றவர்களுக்கும் ஓர் ஆகஸ்டு மாதத்தைத் தேடித் தருவது, விளையாட்டை நேசிக்கும் சமுதாயத்தின் கடமை என்று கருதுகிறேன்.